குளிப்பாட்டினவன் சொல்லக் கூடாது

எதிர்வீட்டு மாமி ஒரு வாரமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையைச் சுருட்டி நூலைக் கட்டியபடி, தலையே நிமிராமல் கேட்பாள்.

"ஏல, உங்க காக்கா எதுல போனான்? நெஞ்சு வலிதானா?"

எங்கள் தெருவில் அண்ணனைக் காக்கா என்போம். என் காக்கா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நெஞ்சு வலி என்றுதான் ஊருக்குச் சொன்னோம். உம்மா சொன்னாள், நான் தலையை ஆட்டினேன், தெரு நம்பியது.

"அதான் அன்னைக்கே சொன்னோம்லா மாமி."

"நீதானல குளிப்பாட்டுன. உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

நான் கோழிக்கடையில் உரிக்கிறவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் தலைமுழுகிக்கொண்டோம். படிப்பு ஏறாத இடத்தில் வாய் ஏறி உட்கார்ந்துகொண்டது. கோழி வாங்க வருகிற கிழவியிலிருந்து ஜமாஅத் தலைவர் வரைக்கும் யாரையும் ஒரு வார்த்தை சீண்டாமல் அனுப்பியதில்லை. மாமியிடம் மட்டும் அந்த வாரம் எதுவும் வரவில்லை. "இலை காயுது பாருங்க மாமி, தண்ணி தெளிங்க" என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன்.

மாமி ஊர்வம்புக்காகக் கேட்கவில்லை. அவளுக்கு ஒரே மகன். என் காக்காவோடு எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிந்தவன். அவன் இப்போது மத்தியானம் வரைக்கும் தூங்குகிறான். வெயில் மண்டையைப் பிளக்கிற மாசத்தில் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தானும் மாட்டிக்கொள்கிறான். மாமி வீட்டுச் செம்புக்குடம் ஈயம் பூசப் போயிருக்கிறதாம். எங்கள் வீட்டுச் செம்புக்குடமும் அப்படிப் போனதுதான். இன்னும் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் உண்மையைச் சொன்னால் மாமி அன்றைக்கே மகனை இழுத்துக்கொண்டு ஓடுவாள். சொல்லாவிட்டால் அவன் என் காக்கா போன வழியில் போவான். ஆனால் மய்யித்தை, செத்தவர் உடம்பைக் குளிப்பாட்டினவன், பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. அது எங்கள் முறை. அந்த முறையை ஊரிலேயே பிசகாமல் காப்பாற்றிய ஒருத்தன் யாரென்றால் என் காக்காதான். அவன் விஷயத்திலேயே நான் எப்படி அதை உடைப்பது?

முக்கூடலுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி எங்கள் தெரு. ஐம்பது அறுபது வீடுதான். யாராவது மௌத்தானால், இறந்துபோனால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். இன்னார் மகன் இன்னார் என்று சொல்லி முடிப்பதற்குள் என் காக்கா அந்த வீட்டு வாசலில் நிற்பான். மய்யித்தைத் தூக்கிப்போகிற சந்தூக்குப் பெட்டியை இறக்குவது, மறைப்புக் கட்டுவது, இலந்தை இலை போட்டுத் தண்ணீர் காய்ச்சுவது, குளிப்பாட்டுவது, குழிக்குள் இறங்கி வாங்கி வைப்பது எல்லாம் அவன் கை பட்டுத்தான் நடக்கும்.

"அஸ்ராயீல் உனக்கு மிஸ்டு கால் குடுத்துட்டுத்தான் வாராரோ?" என்று கேட்பேன். அஸ்ராயீல் உயிரை வாங்க வருகிற வானவர்.

"ஆமா. உன் பேரச் சொல்லி வந்தா எடுக்காம விட்டுருவேன், போ" என்பான்.

அவன் ஆசாரமான ஆள் ஒன்றும் இல்லை. ஐந்து நேரத் தொழுகையில் இரண்டை மறந்துவிடுவான், மூன்றை நினைக்கவே மாட்டான். அலுமினியக் கதவு ஜன்னல் அடிக்கிற வேலை அவனுக்கு. வேலைக்குப் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். மய்யித்துக் குளிப்பாட்ட மட்டும் எங்கே இருந்தாலும் வந்துவிடுவான். எங்கள் வாப்பா மௌத்தானபோது அவனுக்கு மீசை அரும்பிய வயசு. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் "மூத்த மகன் வரட்டும்" என்று உள்ளே கூப்பிட்டார். அன்றைக்கு உள்ளே போனவன்தான். நான் அப்போது சின்னப் பையன். வெளியே வந்தவனிடம் "வாப்பா எப்படி இருந்தாங்க?" என்று கேட்டேன். "தூங்குத மாதிரி" என்றான். வளர்ந்த பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

அவன் வாயைத் திறக்க வைக்கத் தெருவே பாடுபட்டிருக்கிறது. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் போனார். தாயத்துக் கட்டுவது ஹராம் என்று மேடை போட்டுப் பேசியவர். ஒரு கல்யாண வீட்டில் குழந்தை இடுப்பில் கிடந்த தாயத்தைக் கத்தரியால் வெட்டிவிட்டு வந்தவர். அவர் இடுப்பிலேயே ஒன்று கிடந்தது என்று பேச்சு. குளிப்பாட்டியது மோதினாரும் என் காக்காவும். மோதினாரிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து காக்காவைப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

"சொல்லு காக்கா. கிடந்துச்சா இல்லையா?"

"சால்னா கொஞ்சம் ஊத்தச் சொல்லு."

ஊற்றினார்கள்.

"கருப்புக் கயிறா? வெள்ளித் தகடா? அத மட்டும் சொல்லு."

"யோசிச்சாத்தான்ல ஞாபகம் வரும். இன்னும் ரெண்டு பிச்சுப் போடச் சொல்லு."

பிய்த்துப் போட்டதையும் தின்றான். ஆம்லெட் ஒன்று தின்றான். கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டே எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்துச் சொன்னான்:

"ஹாஜியார் நல்ல கனம்வே."

அவ்வளவுதான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான். ஹாஜியார் இடுப்பில் தாயத்துக் கிடந்ததா இல்லையா என்பது இன்றைக்கும் எங்கள் தெருவுக்குத் தெரியாது.

அடுத்தவர் விஷயத்தில் இப்படிப் பூட்டுப் போட்ட வாய், தன் விஷயத்தில் வேறு மாதிரி. கேட்டதற்கெல்லாம் பதில் வரும், மேலே இரண்டு பதில் சேர்ந்தும் வரும். ஒன்றிலும் உண்மை இருக்காது.

செம்புக்குடக் கதையைச் சொல்ல வேண்டும். ஈயம் பூசக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். ஒரு மாசம் கழித்து உம்மா கேட்டாள்.

"ஈயம் பூசுத அண்ணாச்சிக்குக் கண்ணு ஆபரேசன் உம்மா. அம்பாசமுத்திரத்துல படுத்துக் கிடக்காரு. பச்சத் துணி கட்டிருக்கு. பாவம், தட்டுல சோறு எங்க இருக்குன்னு தடவுதாரு."

உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கொடுத்து, பார்த்துவிட்டு வரச் சொன்னாள். காக்கா அதைக் கொண்டுவந்து ஆற்றங்கரையில் என்னிடம் கொடுத்தான். நான் தின்றேன்.

"அண்ணாச்சிக்குப் பழம் எப்படிலே இருந்துச்சி?" என்று என்னையே கேட்டான்.

"கண்ணு நல்லாத் தெரியுதுன்னு சொல்லச் சொன்னாரு. உன் பொய்யெல்லாம் பளிச்சின்னு தெரியுதாம்."

சிரித்தான். உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் அந்த இல்லாத அண்ணாச்சியின் கண்ணுக்காகத் துஆக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை துஆவுக்கு அவர் மட்டும் இருந்திருந்தால், பார்வை திரும்பி ஊசியில் நூலே கோத்திருப்பார்.

பிறகு கிரைண்டர் மோட்டார் போனது. என் சைக்கிள் போனது. வாப்பாவின் கைக்கடிகாரம் போனது. ஒவ்வொன்றும் எங்கேயோ பழுது பார்க்கப் போயிருந்தது. உம்மாவும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்வதை நிறுத்திவிட்டோம். என்ன என்று எங்களுக்குத் தெரிந்தபோது அது முற்றிப் போயிருந்தது. வலிக்குத் தருகிற ஏதோ மாத்திரை, பிறகு ஊசி. எப்போது ஆரம்பித்தான், யார் கொடுத்தார்கள், எதற்காக என்று ஒன்றுமே அவனிடமிருந்து வாங்க முடியவில்லை. உம்மா அழுதாள், நான் அடித்தேன். அடியை வாங்கிக்கொண்டு, "கை வலிக்கப் போவுதுல" என்றான்.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் ஒன்று தெரிகிறது. கடைசி இரண்டு மூன்று வருஷம் அவன் யாரையும் தன் கையால் தேய்த்துக் குளிப்பாட்டவில்லை. மௌத்து வீட்டுக்கு வருவான், தண்ணீர் காய்ச்சுவான், ஊற்றுவான். தேய்க்கிறதை மோதினாரிடமோ வீட்டு ஆண்களிடமோ விட்டுவிடுவான். குளிப்பாட்ட வேண்டுமென்றால் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்ட வேண்டும். நான் அப்போது, "ஏன் காக்கா, பதவி இறக்கிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

வள்ளியூர்ப் பக்கம், ஊசியை விடவைக்கிற ஒரு இடத்தில் சேர்த்துப் பார்த்தோம். உம்மாவும் நானும்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோம். தெருவுக்கு, கொல்லத்தில் பேக்கரி வேலை என்று சொல்லிவைத்தோம். திரும்பி வந்தபோது கன்னம் உப்பி, நிறம் வைத்து, பேக்கரிக்காரன் மாதிரியேதான் இருந்தான். பார்க்க வந்தவர்களிடம் அந்தப் பேக்கரியைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். அடுப்பு எந்தப் பக்கம் இருக்கும், முட்டை பப்ஸ் எப்போது கருகும், முதலாளிக்கு ஓயாத இருமல், இருமிக்கொண்டே கேக்கை வெட்டுவார். உம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவள், எல்லார் முன்னாலும், "இப்ப அவருக்கு இருமல் தேறிருச்சால?" என்று கேட்டுவிட்டாள். நடிப்புக்குக் கேட்டாளா, நிஜமாகவே மறந்துபோய்க் கேட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

அந்த நாட்களில் ஒருநாள் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். தாமிரபரணியில் இடுப்பளவுதான் தண்ணீர். நான் சட்டையைக் கழற்றிப் படியில் எறிந்தேன். அவன் முழுக்கைச் சட்டையோடு இறங்கினான்.

"சட்டையும் குளிக்கணுமா காக்கா?"

"அழுக்குல்லா."

கொஞ்ச நேரம் முங்கிக் கிடந்தோம். நான் சும்மா இருக்க மாட்டாமல், "ஊர்ல எல்லாத்தையும் குளிப்பாட்டுன. நீ செத்தா யாரு குளிப்பாட்டுவா?" என்று கேட்டேன். அவன் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டியபடி என்னைப் பார்த்தான்.

"நீதான். வேற யாரு இருக்கா? உன் வாய நினச்சாத்தான்ல பயமா இருக்கு."

நான் அவன் முகத்தில் தண்ணீரை அடித்தேன். அவனும் அடித்தான். அதோடு முடிந்தது. கொஞ்ச மாசத்திலேயே பழையபடி வீட்டுச் சாமான்கள் பழுது பார்க்கப் போக ஆரம்பித்தன.

அவன் போனது ஒரு காலைப் பொழுதில். உம்மா தேத்தண்ணி குடிக்க எழுப்பப் போனாள். எழுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் குரல் மாறியதைக் கேட்டு நான் ஓடிப்போய்த் தொட்டேன். குளிர்ந்திருந்தது. பக்கத்தில் கிடந்ததை எல்லாம் உம்மா முந்தானையில் அள்ளிக் கட்டினாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "நெஞ்சு வலி. விளங்குதால? நெஞ்சு வலி" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மோதினார் வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "வீட்டு ஆளு நீ மட்டுந்தானா? வா" என்றார். மறைப்புக்குள் அவரும் நானும் அவனும். சட்டையை உருவினோம். மோதினார் ஒரு நொடி நின்றார். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து அவன் இரண்டு முழங்கை மேலேயும் போட்டார். துண்டுக்கு அடியில் கையை விட்டுத் தேய்த்தார். நான் தண்ணீரை ஊற்றினேன். ஒரேயடியாக அவன் முகத்தில் கொட்டிவிட்டது.

"பைய ஊத்து வாப்பா. பைய. அவனுக்கு மூக்குல ஏறிறப்போவுது."

முடித்துவிட்டு மறைப்பை விலக்குவதற்கு முன்னால் என் காதுப் பக்கம் வந்தார். "இங்கன பாத்தது இங்கனயே. தெரியும்லா?"

"தெரியும்" என்றேன்.

மையவாடியில் எல்லாரும் வரிசையாக வந்து மண் அள்ளிப் போட்டார்கள். எதிர்வீட்டு மாமியின் மகன் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. முழுக்கைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றான். கூட்டாளி போன துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் என் துக்கத்தில் அதற்கு மேல் நினைக்கவில்லை.

நாங்கள் சொன்ன பொய் அதன் பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. முப்பதுகூட ஆகாத பையன் நெஞ்சு வலியில் போய்விட்டான் என்றதும் தெருவில் எல்லாருக்கும் இடது தோள் வலித்தது. தாய்மார்கள் மகன்களைக் கூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினார்கள். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினார்கள். சும்மாவே காற்றில் பறக்கிற மாதிரி இருக்கிற பயல்கள்கூட விடிகாலையில் ஆற்றுப்பாலம் வரைக்கும் ஓடினார்கள். கோழிக்கடையில் "தோல எடுத்துரு, கொழுப்ப எடுத்துரு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் முதலாளிக்கு என் காக்கா மேல் மனசுக்குள் ஒரு கோபம்.

மாமியும் மகனை இ.சி.ஜி. எடுக்கக் கூட்டிப்போனாள். நெஞ்சில் வயரை ஒட்டினார்கள். கையில் கிளிப் மாட்ட, சட்டையை மணிக்கட்டு வரைக்கும் தூக்கினார்கள். அதற்கு மேல் தூக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். மாமி பாயசம் காய்ச்சி எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள்.

"என் புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அல்லா காப்பாத்துனான். உன் புள்ளைக்கும் ஒருதரம் எடுத்துப் பாத்திருந்தா..." என்று உம்மாவிடம் சொல்லி, பாதியில் அழுதாள். உம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் பாயசத்தைக் குடித்தேன். முந்திரி நிறையப் போட்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் மாமி வீட்டுச் செம்புக்குடம் போனது. மாமிக்குச் சந்தேகம் வந்தது. கேள்வி ஆரம்பித்தது.

நான் மோதினாரிடம் போனேன். அவர் பள்ளிவாசலில் கைகால் கழுவுகிற ஹவுல் தொட்டியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, "சொன்னா குத்தமா?" என்று கேட்டேன்.

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ஏல, நீ கேக்காம இருந்திருக்கலாம்லா?"

"ஏன்?"

"கேட்டுட்டன்னா நான் கூடாதுன்னுதான் சொல்லணும். நான் மோதினாரு. வேற என்ன சொல்லுவேன்?"

"அப்போ சொல்லக் கூடாதா?"

"கூடாது." பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினார். "உன் காக்காவுக்கு முன்னால ஒருத்தன். அவனுக்குப் பொறவு முக்கூடல்ல ஒருத்தன், அங்கயும் என்னையத்தான் கூப்பிட்டாங்க. எல்லாம் சின்னப் பயலுவ. எனக்கு முடியலல. போ, அங்கிட்டுப் போ."

தொழுகைக்கு ஆள் வர ஆரம்பித்ததும் நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னதில் சலுகை எதுவும் இல்லை. கூடாது என்றால் கூடாதுதான். காக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பான். அவன் சொல்லக்கூட மாட்டான், இன்னும் இரண்டு புரோட்டா கேட்பான்.

மாமி வாசலில் இருந்தாள். வழக்கம்போலத் தலை நிமிராமல் ஆரம்பித்தாள். "ஏல, உங்க காக்கா..."

"மாமி, அது நெஞ்சு வலி இல்ல."

விரல்கள் அந்தப் பீடியைச் சுருட்டி முடித்தன. நூலைக் கட்டின. பீடித் தலையை மடக்கின, அடுத்த இலையை எடுக்கவில்லை.

"ரெண்டு கையிலயும் பாத்தேன். முழங்கைக்குள்ள. ஊசி."

"என் புள்ள?"

"கூடத்தான மாமி இருந்தான்."

அவள் தட்டை இறக்கி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "நான் இ.சி.ஜி. எடுக்கப் போகும்போது, இந்தப் பஸ்ஸு அங்க நிக்காது, அடுத்ததுல போங்கன்னு வழி சொல்லிவிட்டியல்ல நீ" என்றாள். எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

மகன் அறைக் கதவு சாத்தியிருந்தது. மாமி தட்டவில்லை, தோளால் இடித்தாள். அவன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்தான். மாமி பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனுக்குச் செய்கிற மாதிரி, மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினாள். அவன் கையை இழுத்தான். அவள் விடவில்லை. சட்டையை மேலே சுருட்டினாள். பார்த்தாள். திரும்ப இறக்கிவிட்டு, பொத்தானையும் போட்டுவிட்டாள்.

மறுநாள் வள்ளியூருக்கு நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம். ஊர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"உன் காக்கா இருந்திருந்தா வாயத் தொறந்திருப்பானால?"

"மாட்டான்."

"குளிப்பாட்டுனவன் சொல்லலாமா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"சொல்லக் கூடாதுதான்."

"பொறவு எதுக்குச் சொன்ன?"

"உன்ன வேற குளிப்பாட்டணுமேன்னுதான்வே. உடம்பப் பாரு. யாரு தூக்குறது?"

அவன் சிரிக்கவில்லை. என் மேல் துப்பினான். நான் துடைத்துக்கொண்டேன். மாமி முன் சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவன் தேறுவானா என்று எனக்குத் தெரியாது. என் காக்காவும் இதே பஸ்ஸில் போய்விட்டு, கன்னம் உப்பித் திரும்பி வந்தவன்தான்.

மாமி கொல்லம், பேக்கரி என்றெல்லாம் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் இன்ன இடத்தில் சேர்த்திருக்கிறேன் என்றாள். ஏன் என்றவர்களிடம் ஏன் என்றும் சொன்னாள். யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்டபோது மட்டும் சும்மா இருந்தாளாம். ஆனால் எங்கள் தெருவுக்கு அவ்வளவு போதும். இரண்டு நாளில் குழாயடியில் ஒருத்தி உம்மாவின் காதுபட, "அப்போ அவனுக்கும் நெஞ்சு வலி இல்லையாக்கும்" என்றாள்.

உம்மா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். நான் என்னென்னவோ சீண்டிப் பார்த்தேன். மீன் குழம்பில் மீனைத் தேட ஆள் வைக்கணும் என்றேன். பாங்கு சொல்லும் மோதினார் தொண்டையில் தவளை ஏறியிருக்கு என்றேன். சுவர் திரும்பிப் பேசியிருக்கும். காக்காவின் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து மடித்துக்கொண்டே இருந்தாள். என் பிள்ளையைச் செத்த பிறகும் ஊர் பேச விட்டுவிட்டாயே என்று அவள் வாய் விட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அது கிடையாது.

போன வியாழக்கிழமை கடையிலிருந்து வந்தேன். வீடெல்லாம் எண்ணெய் மணம். உம்மா அச்சு முறுக்குச் சுட்டு ஆறவைத்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டுவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"அந்தப் பய அங்கன சாப்புடுதானாமால?"

எனக்கு உடனே புரியவில்லை. "யாரு?" என்றேன்.

"எதுத்த வீட்டுப் பய."

"கஞ்சி குடிக்கான்னு மாமி சொன்னா உம்மா. மத்தபடி எல்லாத்தையும் ஏசிக்கிட்டு இருக்கானாம்."

"ஏசுதானா. ஏசட்டும்." அடுப்படிக்குப் போய், முறுக்கை ஒரு தூக்குவாளியில் அடுக்கிக்கொண்டு வந்தாள். உடையாமல் இருக்க அடியில் துணி போட்டிருந்தாள். "நாளைக்கு அவ பாக்கப் போறாளாம்லா. இத அவகிட்டக் குடு."

"நீயே குடேன். எதுத்த வீடுதான."

"நான் குடுத்தேன்னு சொல்லாதல. கடையில வாங்குனேன்னு சொல்லு."

நான் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றின் விளிம்பு கருகியிருந்தது, ஒன்றுக்குப் பாதிப் பூவைக் காணோம்.

"இத மாதிரிச் சுட்டு வித்தா அந்தக் கடக்காரன் என்னைக்கோ பூட்டிட்டு ஊர விட்டுப் போயிருப்பான் உம்மா. மாமி நம்புவாளா?"

"நம்பாட்டா விடு," என்றாள் உம்மா. "ஆறிப்போவுது, சோத்தத் தின்னு."